கடல்நீர்த் தொட்டியில் கால்சியம் அளவிடுதல்

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கிழக்கே சென்னைக் கடற்கரையும் மேற்கே மங்களூர்க் கடற்கரையும் சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றன. இத்தகைய மேட்டு நிலத்து நகரில், கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பிக் கோமாளி மீன் முதலிய கடல் மீன்களை வீட்டில் வளர்ப்பவர் பலர் உளர். நன்னீர் மீன்தொட்டியைக் காட்டிலும் இதற்குச் செலவும் கவனமும் மிகுதியாக வேண்டும். பரந்த கடலில் நீரின் இயல்பு எளிதில் மாறுவதில்லை. 200 லிட்டர் கொள்ளும் தொட்டியிலோ அது ஒரு வாரத்திலேயே மாறிவிடக்கூடும். அம்மாறுதல் கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் நீரைச் சோதித்துப் பார்த்தே அறியவேண்டியிருக்கிறது.

அச்சோதனைகளுள் ஒன்று கால்சியத்தின் அளவை அறிவது. கடைகளில் விற்கும் சோதனைப் பெட்டியில் ஒரு சிறு குப்பி, நிறங்காட்டிப் பொடி, இரண்டு திரவங்கள், ஒரு சிரிஞ்சு ஆகியவை இருக்கும். ஐந்து நிமிடத்தில் சோதனை முடிந்து ஓர் எண் கிடைத்துவிடும். செய்கை எளிது, கிடைத்த எண்ணுக்குப் பொருள் காண்பதே கடினம். 420 வரவேண்டிய இடத்தில் 360 வந்துவிட்டால், உடனே கால்சியம் குளோரைடை வாங்கித் தொட்டியில் கரைத்துவிடுவோர் உண்டு. நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது. அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது, அதனுடன் சேர்த்துப் பார்க்கவேண்டிய வேறு இரண்டு எண்கள் யாவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடலில் உள்ள கால்சியம்

ஒரு கிலோகிராம் கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் சோடியமும் குளோரைடுமே பெரும்பகுதி. மெக்னீசியம் சுமார் 1.3 கிராம் உண்டு. கால்சியம் அதனினும் குறைவு, கிலோவுக்கு 0.41 கிராம்தான். லிட்டர்க் கணக்கில் இதனை ஏறத்தாழ 420 மில்லிகிராம் எனக் கொள்ளலாம். இந்தக் கால்சியத்தின் பெரும்பங்கு நிலத்திலுள்ள பாறைகளிலிருந்து வந்தது. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே அமிலத் தன்மை அடைகிறது. அந்நீர் பாறையை மெல்ல அரிக்கும்பொழுது கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்து ஆற்றில் சேர்கின்றன. காவிரி வங்கக் கடலுக்குக் கொண்டு செல்லும் பொருள்களில் இதுவும் ஒன்று.

உலகத்துக் கடல்களில் உப்பின் செறிவு இடத்துக்கு இடம் வேறுபடலாம். ஆனால் முக்கிய உப்புகளின் பரஸ்பர விகிதம் மட்டும் ஏறக்குறைய மாறாது. இவ்வுண்மையை 1819ஆம் ஆண்டிலேயே அலெக்ஸாண்டர் மார்ஸெட் என்பவர் கூறினார். பின்னர் 'சாலஞ்சர்' என்னும் பிரிட்டிஷ் கப்பல் 1872 முதல் 1876 வரை கடல்களைச் சுற்றிவந்து சேகரித்த நீர் மாதிரிகளுள் 77ஐ வில்லியம் டிட்மார் நுணுக்கமாகப் பகுத்தாராய்ந்து, 1884இல் முடிவுகளை வெளியிட்டு இதனை நிலைநாட்டினார். ஆழ்கடல் நீரில் கால்சியம் மிகச் சிறிதளவு கூடுதலாக இருப்பதையும் அவர் கண்டார். மேலே வாழ்ந்து மடிந்த உயிர்களின் ஓடுகள் கீழே இறங்கிக் கரைவதே அதன் காரணம். அக்கால இரசாயனிகள் தராசையும் வடிதாளையும் கொண்டு இத்துணை நுட்பம் எய்தியது நம் வியப்புக்கு உரியது.

மாறாத இந்த விகிதமே வீட்டுத் தொட்டிக்காரருக்கு முதல் உரைகல். உப்புச் செறிவு 35 ஆக இருந்தால் கால்சியம் 420 இருக்கவேண்டும். செறிவு 30 ஆகக் குறைந்திருந்தால், எவ்வுயிரும் கால்சியத்தைச் செலவிடாத நிலையிலும், அது 360 அளவில்தான் இருக்கும்.

மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட் தெவிட்டிய அளவைக் கடந்து, மும்மடங்கு நான்மடங்காகக் கரைந்துள்ளது. அது தானே வீழ்படிவாக இறங்கிவிட வேண்டுமல்லவா? இறங்காமைக்கு ஒரு முக்கிய காரணம் மெக்னீசியம். சுண்ணாம்பு ஸ்படிகம் வளரத் தொடங்கும்பொழுதே மெக்னீசியம் அதன்மேல் ஒட்டி வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே கடல்நீர் சுண்ணாம்பைத் தாங்கி நிற்கிறது. உயிரினங்கள் அதனை எடுத்து ஓடாகவும் சிப்பியாகவும் கட்டிக்கொள்கின்றன. சிப்பியின் உட்புறத்தில் மின்னும் முத்துப்படலமும் இதே கால்சியம் கார்பனேட்டின் மெல்லிய தகடுகளால் ஆனதே. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த ஸர் சி.வி. ராமன், அடுத்த இரண்டு ஆண்டுகளில் இத்தகடுகளின் அமைப்பையும் அவை ஒளியைச் சிதறும் விதத்தையும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். கடலில்லாத இந்நகரில் கடற்சுண்ணாம்பு ஆராயப்படுவது புதிதன்று.

தொட்டியில் கால்சியத்தைச் செலவிடுவோர்

பிற நாட்டு நூல்களில் கால்சியச் சோதனை பற்றிய பேச்செல்லாம் பவளப்பூச்சிகளைச் சுற்றியே அமைந்திருக்கும். நம் நாட்டில் நிலைமை வேறு. பாறை கட்டும் பவளப்பூச்சிகள், கருப்புப் பவளம், கடல் விசிறி முதலியவை 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பே அவற்றுக்கும் உண்டு. நம் கடலிலிருந்து அவற்றைப் பெயர்த்தெடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். இக்கண்டிப்புக்குப் போதிய காரணம் உண்டு. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டுகள் பவளப்பாறை வெட்டியெடுக்கப்பட்டது. அங்கிருந்த 21 தீவுகளுள் இரண்டு இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. அத்தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 'உயிர்ப்பாறை' என்று சொல்லிக் கடையில் யாரேனும் பவளத் துண்டை நீட்டினால், அதனை வாங்காமல் திரும்புவதே முறை. கோமாளி மீன்களைப் பொறுத்தவரை நல்வாய்ப்பு உண்டு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் அவற்றைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துள்ளது. அவ்வாறு வளர்ந்த மீனைக் கேட்டு வாங்கினால் கடலுக்கு நட்டமில்லை.

பவளம் இல்லாத தொட்டியில் கால்சியம் எதற்கு என்று கேட்கலாம். கண்ணாடியிலும் கற்களிலும் இளஞ்சிவப்புப் பூச்சுப்போல் படரும் சுண்ணாம்புப் பாசியே அங்கு முதற்செலவாளி. நத்தைகள் ஓட்டை வளர்க்கின்றன. இறாலும் நண்டும் சட்டை உரித்தபின் புதிய ஓட்டை இறுக்கிக்கொள்வதற்குக் கால்சியம் தேவை. அது போதாதபொழுது உரித்த உடல் மெத்தென்றே கிடந்து பிற உயிர்களுக்கு இரையாகிவிடலாம். மீன்களும் இதற்கு விலக்கல்ல. கடல்மீன் தன் உடலின் நீர் இழப்பை ஈடு செய்ய ஓயாது கடல்நீரைக் குடிக்கிறது. அந்நீரின் கால்சியத்தைக் குடலிலேயே கார்பனேட்டாக வீழ்த்தி வெளியேற்றிவிடுகிறது. கடல்களில் உண்டாகும் கார்பனேட்டில் நூற்றுக்கு 3 முதல் 15 பங்கு வரை மீன்களின் குடலில் பிறப்பதாக 2009இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி மதிப்பிட்டது.

எனினும் அளவை மறத்தலாகாது. 200 லிட்டர்த் தொட்டி நீரில் உள்ள கால்சியம் மொத்தம் 84 கிராம். சில மீன்களும் நத்தைகளும் மட்டுமே உள்ள தொட்டியில் இக்கையிருப்பு மிக மெதுவாகவே குறையும். மாதந்தோறும் ஒரு பகுதி நீரை மாற்றுவதே அதற்குப் போதும். சுண்ணாம்புப் பாசி செழித்த தொட்டியில்தான் கணக்குப் பார்க்கும் அவசியம் நேர்கிறது.

சோதனையின் அடிப்படை

கால்சியச் சோதனைப் பெட்டிகளில் பெரும்பாலானவை ஈ.டி.டி.ஏ. என்னும் இரசாயனப் பொருளை ஆதாரமாகக் கொண்டவை. இதனைக் கொண்டு உலோக அயனிகளைத் தரம் பார்க்கும் முறையை 1940களில் ஸூரிச் நகரில் ஷ்வார்ட்ஸென்பாக் என்பவர் வகுத்தார். ஈ.டி.டி.ஏ. மூலக்கூறு, நண்டு தன் கொடுக்குகளால் பற்றுவதுபோலக் கால்சியம் அயனியைப் பல புறத்தும் பற்றிக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. நிறங்காட்டி கால்சியத்துடன் இணைந்திருக்கும் வரையில் சிவப்பாக இருக்கும். துளித்துளியாக விடும் ஈ.டி.டி.ஏ. கால்சியம் முழுவதையும் கவர்ந்துகொண்டவுடன் நிறங்காட்டி தனித்து நின்று நீலமாக மாறும். செலவான திரவத்தின் அளவே கால்சியத்தின் அளவைக் காட்டுகிறது.

இங்கு ஓர் இடையூறு உண்டு. கடல்நீரில் ஒவ்வொரு கால்சியம் அயனிக்கும் ஐந்து மெக்னீசியம் அயனிகள் இருக்கின்றன, அவற்றையும் ஈ.டி.டி.ஏ. பற்றும். ஆதலால் குடிநீரின் கடினத்தன்மையை அறிய விற்கும் சோதனைப் பெட்டி இங்குப் பயன்படாது. அது இரண்டையும் சேர்த்தே எண்ணிவிடும். இயல்பான கடல்நீரின் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 6,400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வரும். அதில் கால்சியத்தின் பங்கு ஆறில் ஒன்றே. குடிநீருக்கு வைத்திருக்கும் டி.டி.எஸ். மானியோ மின்கடத்தலை மட்டும் அளப்பது. கால்சியத்தைப் பற்றி அதற்கு ஏதும் தெரியாது.

மெக்னீசியத்தை விலக்க ஓர் உபாயம் கையாளப்படுகிறது. சோடியம் ஹைட்ராக்ஸைடைச் சேர்த்து நீரின் பி.எச். மதிப்பை 12க்கு மேல் உயர்த்தினால், மெக்னீசியம் ஹைட்ராக்ஸைடாக வீழ்படிந்து ஒதுங்கிவிடும். கால்சியம் கரைசலிலேயே நிற்கும். சோதனைக் குப்பியில் நீர் சற்றுக் கலங்குவது இதனாலேயே. கலங்கல் கண்டு சோதனை கெட்டுவிட்டதென்று கருதிக் கொட்டிவிட வேண்டுவதில்லை. ஆனால் இந்தக் கூழ்போன்ற படிவு சிறிது கால்சியத்தையும் நிறங்காட்டியையும் தன்னுடன் இழுத்துக்கொள்ளும். கல்லூரி ஆய்வுக்கூடங்களில் இதனைத் தவிர்க்க, 10 மில்லிலிட்டர் கடல்நீரைக் காய்ச்சி வடித்த நீரால் பத்து மடங்கு நீர்த்து, தேவைப்படும் ஈ.டி.டி.ஏ.யில் பெரும்பகுதியை முன்னதாகவே விட்டு, அதன் பிறகு காரத்தைச் சேர்ப்பர். நூற்றில் ஒரு மோலார் செறிவுள்ள ஈ.டி.டி.ஏ. கரைசல் ஒரு மில்லிலிட்டர் 0.4 மில்லிகிராம் கால்சியத்துக்குச் சமம். ஆகவே 10 மில்லிலிட்டர் இயல்பான கடல்நீருக்கு 10.5 மில்லிலிட்டர் செலவாகவேண்டும். கடல்நீரில் சிறிதளவுள்ள ஸ்ட்ரான்ஷியமும் கால்சியமாகவே எண்ணப்பட்டு, விடையில் ஏறத்தாழ 4 மில்லிகிராம் கூடும். வீட்டுக் கணக்கில் அது பொருட்டன்று. மிகுந்த திருத்தம் வேண்டுவோர், மெக்னீசியத்தை ஏறக்குறையப் புறக்கணித்துக் கால்சியத்தை மட்டும் நாடும் ஈ.ஜி.டி.ஏ. என்னும் பொருளைக் கையாளுவர்; 1968இல் ஜப்பானிய இரசாயனிகள் இம்முறையைச் செம்மைப்படுத்தினர்.

வீட்டில் சோதிப்போர் சில கவனங்களை மேற்கொள்ளவேண்டும். நிறமாற்றத்தைத் தொட்டியின் நீல விளக்கொளியில் பார்த்தலாகாது. வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பகலொளியில் பார்க்கவேண்டும். நிறம் சிவப்பிலிருந்து ஊதாவுக்கு வந்து, பிறகே நீலமாகும். ஊதாவில் நிறுத்துபவருக்கு ஒரு விடையும், நீலத்தில் நிறுத்துபவருக்கு வேறு விடையும் கிடைக்கும். எதில் நிறுத்தினாலும் எப்பொழுதும் அதிலேயே நிறுத்துவது நன்று. சிரிஞ்சின் முனையில் காற்றுக்குமிழி நின்றால் அளவு பிழைபடும். சில பெட்டிகளில் ஒரு துளி 20 மில்லிகிராமைக் குறிக்கும். அத்தகைய பெட்டியைக் கொண்டு 405க்கும் 420க்கும் வேறுபாடு காண முயல்வது வீண். விடை கால்சியமாகத் தரப்படுகிறதா, கால்சியம் கார்பனேட்டாகத் தரப்படுகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். பின்னது முன்னதைப்போல் இரண்டரை மடங்கு. 420 என்பது 1,050 ஆகிவிடும். காரத் திரவம் தோலையும் கண்ணையும் புண்படுத்த வல்லது; பெட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவேண்டும்.

சோதனைப் பெட்டியையே சோதிக்கும் வழியும் உண்டு. ஆய்வுக்கூடத் தரமுள்ள கால்சியம் கார்பனேட் 1.05 கிராமை, அது கரையும் அளவுக்கு மட்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, 27 கிராம் சோடியம் குளோரைடும் 10.8 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஸ்படிகமும் சேர்த்து, காய்ச்சி வடித்த நீரால் ஒரு லிட்டராக்கினால், 420 மில்லிகிராம் கால்சியமுள்ள நியமக் கரைசல் கிடைக்கும். மெக்னீசியம் இல்லாமல் செய்த கரைசல் பெட்டிக்கு மிக எளிய பரீட்சையாகிவிடும். கடல்நீரிலுள்ள இடையூறு அதில் இராது. இரசாயனம் பயிலும் மாணவர் உள்ள வீட்டில் இதனைக் கல்லூரியில் செய்து தரச் சொல்லலாம். புதிய பெட்டி வாங்கும்பொழுதெல்லாம் இக்கரைசலைச் சோதித்து, 400 காட்டுகிறதா 440 காட்டுகிறதா என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், பின்வரும் அளவுகளை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

உப்புச் செறிவு என்னும் இரண்டாவது எண்

முதலில் கூறிய 360ஐ மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவர் சென்னைக் கடற்கரையிலிருந்து கேன்களில் நீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பியதாகக் கொள்வோம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆறுகளும் மழையும் கடலோர நீரை நீர்க்கச் செய்துவிடும். வங்கக் கடல் இயல்பாகவே அரபிக் கடலைவிட உவர்ப்புக் குறைந்தது. அந்நீரின் செறிவு 30 ஆக இருந்தால் கால்சியம் 360 இருப்பதே இயற்கை. அதில் கால்சியம் மட்டும் குறையவில்லை. மெக்னீசியம், சோடியம் யாவும் அதே விகிதத்தில் குறைந்துள்ளன. இந்நிலையில் கால்சியம் குளோரைடை மட்டும் சேர்த்தால் எண் சரியாகும். நீரின் விகிதமோ கெடும். செய்யவேண்டியது, கடலுப்புக் கலவையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சில நாள்களில் செறிவை 35க்குக் கொண்டுவருவது. கால்சியம் தானே உடன் ஏறிவிடும். இக்கலவைக்குப் பதிலாகச் சமையல் உப்பைச் சேர்ப்பது பயன் தராது. அதில் சோடியம் குளோரைடு தவிரக் குறிப்பிடத்தக்க வேறு உப்பு இல்லை.

ஆகவே கால்சியத்தை அளக்குமுன் செறிவை அளக்கவேண்டும். 25 டிகிரி உஷ்ணநிலையில் 35 செறிவுள்ள நீரின் ஒப்படர்த்தி 1.026. மிதக்கும் நீர்மானியோ, ஒளிவிலகல்மானியோ இதற்குப் போதும். சமையலறையில் சர்க்கரைப் பாகுக்கோ, ஆய்வுக்கூடத்தில் சாதாரண உப்புக் கரைசலுக்கோ வகுத்த ஒளிவிலகல்மானி கடல்நீருக்குச் சற்றுத் தவறான விடை தரும். கடல்நீருக்கென அளவு குறிக்கப்பட்டதை வாங்கவேண்டும்.

பெங்களூரின் தண்ணீரும் தொட்டியும்

தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நன்னீர் ஊற்றவேண்டும். பெங்களூரில் இந்நன்னீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே கால்சியக் கணக்கு அமைகிறது.

நகரின் ஒரு பகுதிக்கு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்கு ஏற்றி அனுப்பப்படும் காவிரி நீர் வருகிறது. 1974இல் முதற்கட்டம் தொடங்கிய இத்திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024இல் தொடங்கப்பட்டது. புறநகர்ப் பகுதிகளில் பல வீடுகள் ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பியே உள்ளன. லால்பாக் பூங்காவில் குன்றாக எழுந்து நிற்கும் அதே தொன்மையான பாறையின் வெடிப்புகளில் தங்கியிருந்து மேலே வருவது ஆழ்துளை நீர். சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள அப்பாறையிலிருந்து கால்சியமும் மெக்னீசியமும் அதில் கரைகின்றன. வாளியின் விளிம்பிலும் குளியலறைக் குழாயிலும் படியும் வெள்ளைப் பொருக்கு இதன் அடையாளம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கால்சியத்துக்கு 75 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காவிடில் 200 வரையிலும் அனுமதிக்கிறது.

ஆழ்துளை நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகவும், கோடையில் 200 லிட்டர்த் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் ஆவியாவதாகவும் கொள்வோம். அந்நீரையே ஊற்றினால் தினமும் 200 மில்லிகிராம் கால்சியம் தொட்டியில் சேரும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வீதம் மாதத்துக்கு 30 மில்லிகிராம் ஏறும். நான்கு மாதக் கோடையில் 420 என்பது 540 ஆகிவிடக்கூடும். சோதனை உயர்ந்த எண்ணைக் காட்டுவதால் தொட்டிக்காரர் மகிழ்ச்சி அடையலாம். ஆனால் கால்சியத்துடன் பைகார்பனேட்டும், பெங்களூர் நிலத்தடி நீரில் பல ஆய்வுகள் கண்டுள்ள நைட்ரேட்டும் உடன் ஏறியிருக்கும். கால்சியம் 500ஐத் தாண்டியிருக்கையில் முதலில் ஐயுறவேண்டியது ஊற்றும் நீரையே. அந்நீரையும் ஒருமுறை சோதித்துவிட்டால் ஐயம் தீரும்.

இதற்குப் பரிகாரம் ஆர்.ஓ. கருவியில் வடிந்த நீரை மட்டும் ஊற்றுவது. அதில் கால்சியம் மிகக் குறைவு. ஆனால் வீட்டுக் கருவிகள் ஒரு லிட்டர் தூய நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகின்றன. 2024ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில் நகரின் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றியபொழுது, வண்டி கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டு அபராதமும் விதிக்கப்பட்டது. அண்டை வீட்டார் லாரிக்குக் குடத்துடன் காத்திருக்கையில் மீன்தொட்டிக்காகக் கழிவுநீரைச் சாக்கடையில் விடுவது முறையாகாது. அதனைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். தொட்டியின் மேல் கண்ணாடி மூடி வைத்தால் ஆவியாகும் நீரே பெரிதும் குறையும்.

காரத்தன்மை என்னும் மூன்றாவது எண்

உயிர்கள் ஓடு கட்டுவதற்குக் கால்சியம் மட்டும் போதாது, கார்பனேட்டும் வேண்டும். நீரின் காரத்தன்மை என்பது பெரும்பாலும் இந்தப் பைகார்பனேட், கார்பனேட் இருப்பைக் குறிப்பது. இயல்பான கடல்நீரில் அது லிட்டருக்கு 2.3 அல்லது 2.4 மில்லிச்சமானம். லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் சுண்ணாம்பாக மாறும்பொழுது 1 மில்லிச்சமானம் காரத்தன்மையும் கூடவே தீர்கிறது.

இதன் விளைவைக் கவனிக்கவேண்டும். ஒரு தொட்டியில் தினமும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் கால்சியம் செலவாவதாகக் கொண்டால், பத்து நாளில் கால்சியம் 420இலிருந்து 400க்கு இறங்கும்; இது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான இறக்கம். சோதனைப் பெட்டியின் பிழைக்குள்ளேயே அது மறைந்துவிடும். அதே பத்து நாளில் காரத்தன்மை 2.4இலிருந்து 1.4க்கு இறங்கிவிடும், ஏறத்தாழப் பாதி போய்விட்டது. கால்சியம் சரியாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்பொழுதே பாசி வெளிறத் தொடங்குவது இதனாலேயே. பெட்டியில் நிறைய அரிசியும் சிறிதளவே பருப்பும் உள்ள வீட்டில், அரிசியை மட்டும் அளந்து பார்த்துக் கொண்டிருப்பதில் என்ன பயன்?

மாறாக, காரத்தன்மை இறங்காமலே கால்சியம் மட்டும் 60, 70 மில்லிகிராம் இறங்கியதாகச் சோதனை காட்டினால், தொட்டியை ஐயுறுவதற்கு முன் சோதனைப் பொடியின் காலாவதித் தேதியையும் நீரின் உப்புச் செறிவையும் பார்ப்பது நன்று. சுண்ணாம்பு உண்டாகும்பொழுது ஒன்றைவிட்டு ஒன்று தீருவதில்லை.

குறையை நிரப்புதல்

மூன்று எண்களும் ஒத்துநின்று, கால்சியம் உண்மையாகவே குறைந்துள்ளது என்று தெளிந்தபின்தான் எதையும் சேர்க்கவேண்டும். நம் நாட்டவர் நன்கறிந்த சுண்ணாம்புத் தெளிநீரே இதற்கு மிக ஏற்றது. பள்ளியில் குழாயால் ஊதிப் பால்போல் வெளுக்கச் செய்த அதே நீர்தான். இதனைக் கடல்நீர்த் தொட்டிக்குப் பயன்படுத்தும் முறையை 1970களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் பரப்பினார். தெவிட்டிய தெளிநீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 0.85 கிராம் கால்சியம் உள்ளது. அதற்கேற்ற காரத்தன்மையும் சரியான விகிதத்திலேயே சேர்ந்து வருவது இதன் சிறப்பு. மேற்கூறிய தொட்டிக்கு நாள்தோறும் அரை லிட்டர் போதும். ஆனால் இதன் பி.எச். மதிப்பு 12.4. ஒரேயடியாக ஊற்றினால் மீன்கள் மடியும். இரவில், விளக்கணைந்தபின், நீரோட்டமுள்ள இடத்தில் துளித்துளியாக விழுமாறு விடவேண்டும். அடியில் தங்கிய வண்டலை விடுதல் கூடாது. தாம்பூலத்துக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு கிளிஞ்சலைச் சுட்டு உண்டாக்கியதே ஆயினும், வேறு கலப்புகள் இருக்கக்கூடுமாதலால் இதற்கு ஏற்றதன்று; தூய கால்சியம் ஹைட்ராக்ஸைடைத்தான் பயன்படுத்தவேண்டும். திறந்து வைத்த தெளிநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மேலே ஏடு கட்டும். ஏடு கட்டிய அளவுக்கு அதன் வலிமை குறைந்துவிட்டது என்று அறியலாம்.

கால்சியம் குளோரைடைச் சேர்ப்பதாயின், அதன் இருநீர் ஸ்படிகத்தில் நூற்றுக்கு 27 பங்கே கால்சியம். 200 லிட்டரில் 20 மில்லிகிராம் உயர்த்த 15 கிராம் தேவை. இதனையும் சமையல் சோடாவையும் ஒரே வேளையில் சேர்த்தால் தொட்டி முழுதும் பால்போல் வெளுத்துவிடும். சேர்த்த கால்சியமும் இருந்த காரத்தன்மையும் சேர்ந்து சுண்ணாம்புத் தூளாக அடியில் படிந்து, பம்பின் சுழலியையும் இறுகச் செய்யும். சோதித்தால் இரண்டு எண்களும் முன்னிருந்ததைவிடக் குறைந்திருக்கும். அதுகண்டு மீண்டும் சேர்ப்பவரும் உளர்! அந்நிலையில் எதையும் சேர்க்காமல், ஒத்த உப்புச் செறிவுள்ள புதிய கடல்நீரால் நான்கில் ஒரு பங்கை மாற்றிவிடுவதே மீன்களைக் காக்கும்.

சாதாரணத் தொட்டிக்குக் காரத்தன்மையை வாரம் ஒருமுறையும், கால்சியத்தை மாதம் இருமுறையும் சோதித்தால் போதும். ஒரே நேரத்தில், காலையில் விளக்கேற்றுமுன், சோதிப்பது நல்லது. தேதி, உப்புச் செறிவு, காரத்தன்மை, கால்சியம், அன்று ஊற்றிய நன்னீரின் அளவு ஆகிய ஐந்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வரவேண்டும். சோதனைக்கு எடுத்த நீரைத் தொட்டிக்குள் திருப்பி ஊற்றலாகாது. அதனை நிறைய நீருடன் கலந்து கழிவில் விட்டு, குப்பியைக் காய்ச்சி வடித்த நீரால் இருமுறை அலசிக் கவிழ்த்து வைக்கவேண்டும். குழாய் நீரால் அலசினால் அதன் கால்சியமே அடுத்த சோதனையில் சேர்ந்துவிடும்.